நீலப் புள்ளியை நம்பிப் போனது

டெல்மர் ஹாஸ்க்யூ இப்போது டவுனில் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிறான். மாடு வளர்த்த கதையை யார் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டான். பக்கத்துப் பண்ணைக்காரன் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேற்கு டெக்சாஸில் மழை பொய்த்து ஐந்தாவது வருஷம் அது. நாங்கள் எல்லோரும் மாடுகளை விற்றுவிட்டோம். கன்று போடும் பசுக்களைக் கசாப்புக்கு அனுப்பமாட்டேன் என்று டெல்மர் மட்டும் ஒற்றைக்காலில் நின்றான். சப்பாத்திக்கள்ளியின் முள்ளைப் பொசுக்கி அவற்றுக்குத் தீனியாகப் போட்டான். தண்ணீருக்கு எங்கே போவான்? அவன் காற்றாடி பம்பு இறைத்தது வெறும் சேறு.

அப்போதுதான் அப்பா வைத்திருந்த பழைய சர்வே மேப்பைச் சமையலறை மேஜையில் விரித்தான். மேடு பள்ளம் காட்டும் பழுப்புக் கோடுகள்மேல் விரலை ஓட்டினான். கோடுகள் நெருக்கியடித்த இடம் செங்குத்துப் பாறை. அதன் அடியில் ஒரு நீலப் புள்ளி.

"பாத்தியா? வடக்கு மூலையில ஊத்து இருக்கு."

"அதை அச்சடிச்சப்ப நீ பொறந்திருக்கவே மாட்ட," என்றாள் அவன் மனைவி ஒனீட்டா. "நான் சொல்லிவச்ச கசாப்பு லாரி காலையில வருது. மாடுங்கள பேசாம ஏத்திவிடு."

"சர்க்கார் ஆளு பொய்யாவா வரைஞ்சிருப்பான்?"

"அவன் வரைஞ்சிட்டு ஊர் போய்ச் சேர்ந்துட்டான். நாமதானே இங்க கெடந்து சாகறோம்."

"முதல்ல நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வாயேன்யா," என்றேன், மேப்பைப் பார்க்க வந்திருந்த நான்.

"நான் வர்றதுக்குள்ள இதுங்க படுத்துடும். அப்புறம் எந்திரிக்காது."

லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு மாடுகளை ஓட்டினோம். நாங்கள் குதிரையில், ஒனீட்டா பின்னால் பிக்கப் வண்டியில். மேப்பில் இருந்தபடியே மேடு வந்தது, ஓடை திரும்பியது, பாறையும் நின்றது. டெல்மர் சிரித்தான். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, வெட்கக்கேடு.

பாறையடியில் உப்புப் பூத்த குழி ஒன்று இருந்தது. டெல்மர் இடுப்பளவு தோண்டினான். ஈரம்கூட இல்லை.

திரும்பி நடக்க மாடுகளுக்குத் தெம்பில்லை. நிழல் தேடி முட்புதர்களுக்குள் சிதறிப்போயின. தாகத்தில் துடித்துச் சாக விடவும் மனசு வரவில்லை. ஒனீட்டா துப்பாக்கியை எடுத்து நீட்டினாள்.

"பொதர் பொதரா தேடிப்போய்ச் சுட என்னால முடியாது," என்றான் டெல்மர். "வண்டி ஹாரனை அடி."

குளிர்காலத்தில் தீனி கொண்டுபோனால் ஹாரன் அடித்துத்தான் மாடுகளைக் கூப்பிடுவோம். ஒனீட்டா அழுதுகொண்டே அடித்தாள். எழ முடிந்த பசுக்களெல்லாம் எழுந்து, தள்ளாடித் தள்ளாடி எங்களிடம் வந்தன.