லைன் இருக்கா, அண்ணே?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தோணி எனக்குப் போன் செய்வார். "லைன் இருக்கா, அண்ணே?" என்பார். "இருக்கு லா" என்பேன். சில வாரங்களில் அதுவே முழுப் பேச்சு. போன மாதம் ஒரு ஞாயிறு போன் அடிக்கவில்லை. ஏதோ வேலை என்று விட்டுவிட மனம் வரவில்லை. நானே எண்களை அழுத்தினேன். அவர் மனைவி ரெஜினா எடுத்தார். "அண்ணே, விடியக்காலையில தூக்கத்துலயே போயிட்டாரு."

உங்களில் பலர் அவரைத் தேவாலயத்தில் பாடுபவராக அறிவீர்கள். எனக்கு அவர் பழக்கமானது பல வருடங்களுக்கு முன், ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில். நான் அங்கே தரை துடைத்தேன். அவர் கருவிகளைப் பழுதுபார்க்க வருவார். வெளிநாட்டுச் சந்தை விலைகள் போன் கம்பி வழியாக வந்து, மோடம் என்ற பெட்டிக்குள் புகுந்து, திரையில் பச்சை எழுத்தாக ஓடிக்கொண்டே இருக்கும்.

சில நாள் மதியத்தில் அந்த ஓட்டம் நின்றுவிடும். திரை அணையாது, பழைய விலை அப்படியே நிற்கும். சந்தை மந்தம் என்று நினைத்து ஒருமுறை தரகர்கள் பழைய விலைக்கே விற்று நஷ்டப்பட்டார்கள். தலைமைக் கிளார்க் சுந்தரம் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க மொப் போடுற நேரத்துலதான் நிக்குது. வயரை இழுத்து விடுறீங்க. இன்னொரு தடவை நின்னா வேலைக்கு வரவேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு லா."

மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

அந்தோணி வந்தார். "நான் இழுக்கல, தம்பி" என்றேன்.

"நீங்களும் சொல்லவேணாம், அவரும் சொல்லவேணாம். வயர் சொல்லட்டும். எப்பவும் போலத் துடைங்க."

துடைத்தேன். விலை ஓடியது. வயரைக் காலால் தட்டச் சொன்னார். அப்போதும் ஓடியது. நான் வாளியோடு வெளியே போன பிறகுதான் விலை ஓட்டம் நின்றது.

உடனே அந்தோணி, வெளியே போகும் கம்பியைக் கழற்றி, மோடம் பெட்டியில் அனுப்பும் முனையையும் வாங்கும் முனையையும் சேர்த்தார். "நாம அனுப்புறது நமக்கே திரும்பி வந்தா, இந்தப் பக்கம் பழுது இல்ல." அவர் தட்டிய எழுத்துகள் திரையில் வந்தன. பிறகு கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கினார். அங்கே போன் கம்பிகள் சேரும் பெட்டியின் மேல், வெயில் ஏறியதும் ஏர்கான் குழாய் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரக் கையோடு திரும்பி வந்தார்.

"தண்ணி அண்ணன் வாளியில இல்ல, சுந்தரம். ஏர்கான்ல."

"சரி சரி, வாங்கண்ணே, டீ குடிப்போம்" என்று என்னைக் கூப்பிட்டார் சுந்தரம்.

"முதல்ல சாரி சொல்லுங்க லா. அப்புறம் டீ" என்றார் அந்தோணி.

சுந்தரம் சொன்னார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

அன்று தரகர்களிடம் அந்தோணி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சும்மா இருக்கிறதும் அறுந்து போனதும் பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும். கேட்டாத்தான் தெரியும்." அதன்பின் திரை அசையாவிட்டால் வேறோர் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்பார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியும் அங்கே பிறந்ததுதான்.

இந்த வயதில் நான் சிராங்கூன் சாலையில் எழுத்து வகுப்பில் சேர்ந்தபோது, "எழுதுங்கண்ணே, நான் படிக்கணும்" என்றார். இதோ, ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. இந்தத் துக்கத்திலும் எனக்கு அதில் சந்தோஷம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவருடைய கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். போன ஞாயிறு, பூசை முடியும் நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"லைன் இருக்கா, ரெஜினாம்மா?"

சத்தமே இல்லை. நான் போனை வைக்கவில்லை.

"இருக்கு, அண்ணே" என்றார். "பேசுங்க."