எல்லோரும் தின்ற பலாச்சுளை

பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். எனக்கெல்லாம் எழுத வருமா என்று தெரியவில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆனி மாதம், வெள்ளிமலையில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து காலை பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். என் எடை அப்போது நூற்றிப் பதினெட்டு கிலோ. சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றுக்கும் மாத்திரை. எடை குறையட்டும் என்று இரண்டு வாரமாக நானாகவே சாப்பாட்டைப் பாதியாக்கியிருந்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. மாத்திரை மட்டும் பழைய அளவுதான். அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்ட பிறகு, தங்கையின் மாமியார் எதிரில் சாப்பிடக் கூச்சப்பட்டு, இட்லி வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏறும்போதே கண்டக்டர், "ரெண்டு டிக்கெட்டா போட்டுடலாமாக்கா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

மலை இறங்க இறங்க ஜன்னலுக்கு வெளியே மேகம். வளைவுகளில் மரங்கள் மெதுவாக நீந்திப் போயின. பக்கத்துப் பேச்செல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. கை நடுங்கியது, ரவிக்கை வியர்வையில் நனைந்தது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்தது. பையில் மிட்டாயும் இருந்தது. ஆனால் இந்த உடம்பை வைத்துக்கொண்டு, இத்தனை பேர் நடுவில் எப்படித் தின்பது? ஊர் வரட்டும் என்று கண்ணை மூடினேன். அது சுகமாகக்கூட இருந்தது.

பக்கத்தில் பலாப்பழம் விற்கப் போகும் மலைக்கார அம்மா ஒருவர். என்னைத் தொட்டுப் பார்த்து, "கை இன்னாம்மா இப்படி சில்லுனு கீது, சக்கரையா?" என்றார். அவர் வீட்டுக்காரருக்கும் இப்படி ஆகுமாம். ஒரு சுளையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் அதை முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு, விற்க வைத்திருந்த வெட்டுப் பழத்தைத் தூக்கி மடியில் வைத்து, முன் சீட்டு, பின் சீட்டு, கண்டக்டர் என்று சுளை சுளையாக நீட்ட ஆரம்பித்தார். பஸ் முழுக்கப் பலா வாசம்.

"எல்லாரும்தான் துன்றாங்க. நீயும் துன்னும்மா, உன்ன யாரும் பாக்கல."

தின்றேன். இன்னும் இரண்டு கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மரங்கள் பழையபடி மரங்களாக நின்றன. கச்சிராயபாளையத்தில் அவர் இறங்கிப் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை.

இப்போதும் வெளியிடத்தில் எதையாவது வாயில் போடும்போது அந்த வாசம் வரும். என் கூச்சம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும்.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை மாத்திரையைக் குறைத்து எழுதினார்கள். எடை பார்த்தார்கள், நூற்றிப் பதினேழு.