வியாழன் பின்னேரக் கீரை

கீரைத் தண்டைக் காதருகே கொண்டுபோய்த்தான் ஒடிப்பாள் நாகபூசணி. 'டக்' என்றால் கறிக்கு. சத்தமில்லாமல் வளைந்தால் வேலியோரத்து ஆட்டுக்கு. நகரோரத்துச் சியாகுல்லியின் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டமொன்றில் அவளுக்குக் களை பிடுங்கும் வேலை. பிடுங்கியதில் பாதி அவளோடு பேருந்தேறி, நகருக்குள் தமிழர் குடியிருக்கும் கால்சாவுக்குப் போய்விடும்.

களையாய் முளைக்கும் அந்தக் குப்பைக்கீரை மேல் அவளுக்கு மரியாதை வந்தது குவைத்தில். வீட்டு வேலைக்குப் போயிருந்த இடத்தில் மதிலுக்கு அப்பால் வெறும் மணல். ஏசித் தண்ணீர் சொட்டிய மூலையில் மட்டும் ஒரு கைப்பிடி முளைத்து நின்றது. "ஒருத்தரும் விதைக்கேல்லை. அந்த வெய்யிலுக்கை அதுவும் நானும்தான் வாடாமல் நிண்டனாங்கள்" என்பாள்.

இந்த ஆவணியில் ஒரு வியாழன் காலை, மேற்பார்வைக்கார இராயப்பு களைக்கொல்லி மருந்து டாங்கியோடு வந்து நின்றான்.

"அக்கா, நீங்கள் பிடுங்கப் பிடுங்க அது பின்னாலை முளைக்குது. நாளைக்கு விடிய மருந்தடிக்கப்போறன்."

"அடிச்சால் பிறகு வாயிலை வைக்கேலுமே? பொழுதுபடுறதுக்கிடையிலை வெளியாக்கித் தாறன்."

"தனியாவோ? ஒரு செடி நிண்டாலும் அடிப்பன். பிறகு என்னைக் கோவிக்கப்படாது."

"ஓம் தம்பி, வடிவாத் தேடிப் பாரும்."

நகரில் வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. மறுநாள் வெள்ளி, சைவ வீடுகளில் மரக்கறிதான். நாகபூசணி போனை எடுத்தாள். "நாளைக்குக் கறி வேணுமெண்டால் இஞ்சை வாங்கோ. வேரோடை பிடுங்கவேணும். நுனி கிள்ளுற கதை வேண்டாம்."

கடற்கரைப் பக்கத்து மொண்டெல்லோவின் பணக்கார வீடுகளில் இஸ்திரிப்பெட்டிகளை அணைத்துவிட்டுப் பெண்கள் பைகளோடு வந்து இறங்கினார்கள்.

"கிழமை முழுக்க சிக்னோரா வீட்டிலை குனியிறன். லீவிலையும் குனியவோ மாமி?" என்றாள் வேணுகா.

"அங்கை குனிஞ்சால் சிக்னோரா கீரைக்கறி தாறாவோ? பிடுங்கடி."

வெயில் சாய்ந்தபோது மரங்களின் கீழே வெறும் மண். பைகள் பிதுங்கின. இராயப்பு வரிசை வரிசையாகக் குனிந்து தேடினான்; சப்பாத்தால் கிளறியும் பார்த்தான்.

"ஒண்டும் இல்லைத்தான்" என்று முணுமுணுத்தான்.

"சத்தமாச் சொல்லும் தம்பி. இவையளுக்கும் கேக்கட்டும்."

"ஒண்டும் இல்லை! மருந்தடிக்கேல்லை, காணுமோ?"

பெண்கள் கூவிய கூவலில் மரத்திலிருந்த குருவிகள் பறந்தன. இராயப்பு டாங்கியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தான்.

அவன் உள்ளே போகும்வரை பார்த்து நின்றாள் நாகபூசணி. பிறகு பையிலிருந்து முற்றிய கீரைக் கதிர்களை உருவி, உள்ளங்கைகளுக்கிடையே கசக்கி, உமியை ஊதிவிட்டு, அந்தக் கறுத்த விதைகளை வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தூவிக்கொண்டே நடந்தாள்.