பிள்ளை மருந்தும் கேரம் பவுடரும்

"கண்ணுல பாத்தியா... புஸ்தகத்துல பாத்தியா?"

நான் எதைச் சொன்னாலும் அம்மா கேட்கிற கேள்வி இது. பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து சொன்ன நாளில் ஆரம்பித்தது. நான் பி.எஸ்ஸி. முடித்து, அரூரில் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்த பிறகும் நிற்கவில்லை.

எங்கள் பரம்பரையில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். எனக்கு முன்னால் இருந்தவர்களெல்லாம் கட்டைவிரல்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. மறைப்பானேன்? ஆனால் அம்மாவின் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் என் டிகிரி எப்போதும் கொஞ்சம் கூனிக் குறுகித்தான் நிற்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மொரப்பூரிலிருந்து இரண்டு மைல். அம்மா, அண்ணன் முருகேசன், அண்ணி மாதம்மா. மூன்று பேர் இருக்கிற வீடு. (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆட்களை மாற்றவில்லை.)

அண்ணி சோறு போட வந்தார். கையைப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து, தோல் உரிந்து கிடந்தது.

"என்னாச்சு அண்ணி?"

"சுண்ணாம்பு பட்டுடுச்சு பாப்பா."

"ரெண்டு கையிலயுமா?"

சட்டியை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினார். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. எனக்கு ஒரு சந்தோஷமான சந்தேகம். கல்யாணமாகி நாலு வருஷமாக அந்த வீடு எதிர்பார்த்திருக்கிற சந்தேகம்!

"அண்ணி... விசேஷமா?"

வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு முகம்.

"விசேஷம் வரணும்னுதான் பாப்பா மருந்து தின்றேன்."

பிள்ளை மருந்தாம். அரூர் சந்தையில் பை மாட்டிக்கொண்டு வருகிற ஒரு ஆளிடம் அம்மா வாங்கி வந்தது. மாதக்குளியல் ஆன பிறகு மூன்று நாள் காலையில், தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னானாம். அம்மாவுக்கு அவசரம். மூன்று நாளில் பலிப்பது தினமும் கொடுத்தால் சீக்கிரம் பலிக்காதா? ஒரு நாள் விடாமல் ஊட்டியிருக்கிறார். இது மூன்றாவது மாதம்.

பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளைத் தூள். மருந்து மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, துளிக் காவி கலந்திருந்தது. இரண்டு விரலால் தேய்த்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

சூரணம் வழுக்குமா? சுக்கு வழுக்குமா? கடுக்காய்தான் வழுக்குமா?

இந்த வழுக்கலை நான் எங்கோ தொட்டிருக்கிறேன்... அண்ணன் சட்டையைத் துவைக்கும்போது! அண்ணன் எங்கள் ஊர் மன்றத்தில் கேரம் சாம்பியன். ஆறு வருஷமாக அவர் சட்டைப் பையில் வெள்ளைத் தூள் இல்லாத நாள் கிடையாது. போர்டில் காய் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காகத் தூவுகிற போரிக் பவுடர். போரிக் ஆசிட் என்று பாடப் புத்தகம் சொல்கிற அதே சரக்கு.

"அண்ணி, இனிமே இதைத் தொடாதீங்க."

"நிறுத்தறது என்னா பெரிய வேலையா பாப்பா? நிறுத்திட்டா, 'மருந்தச் சரியாத் திங்கல, அதான் புள்ள இல்ல'ன்னு சொல்லிட்டு அந்தப் பாலக்கோட்டுப் பொண்ணக் கூட்டியாந்துடுவாங்க. அப்புறம் நான் எங்க போவட்டும்?"

எந்தப் பாலக்கோட்டுப் பெண்?

அம்மாவிடமே கேட்டேன். அம்மா ஒளிக்கவில்லை. மூன்று மாதம் மருந்து. பலிக்காவிட்டால் அண்ணனுக்கு இரண்டாம் கல்யாணம். பாலக்கோட்டில் தக்காளித் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். பேசிவைத்தாயிற்று.

"சட்டப்படி தப்பும்மா அது."

"சட்டம் நம்மூருக்கு எந்த பஸ்ஸுல வந்துச்சு?" என்றார் அம்மா. பிறகு, எனக்கு வாயில் மிட்டாய் போடுகிற மாதிரி, "உன்னாட்டமே படிச்ச புள்ளடி. எட்டாவது வரைக்கும் போயிருக்குது. உனக்கும் பேச்சுத் தொணையாவும்" என்றார்.

மருந்தைப் பற்றிச் சொன்னேன். இது கேரம் பவுடர், உள்ளே சாப்பிடக் கூடாது, அண்ணி கையைப் பார்த்தாயா என்று. அம்மா நிதானமாகக் கேட்டார்:

"கண்ணுல பாத்தியா... புஸ்தகத்துல பாத்தியா?"

சரி. கண்ணிலேயே காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட லேபிலிருந்து ஒரு பாட்டிலில் ஸ்பிரிட்டும் இரண்டு பீங்கான் கிண்ணமும் எடுத்துக்கொண்டு போனேன். (எச்.எம். இதைப் படித்தால்... கிண்ணங்களைக் கழுவித் திருப்பி வைத்துவிட்டேன் சார்!) நடுப்பகல். அடுப்படிக் கதவையும் ஜன்னலையும் சாத்தி இருட்டாக்கினேன். அம்மா, அண்ணன், அண்ணி மூவரையும் எதிரே உட்கார வைத்தேன்.

"என்னாங்க டீச்சரம்மா, சினிமா காட்டப் போறீங்களா?" என்றார் அண்ணன்.

ஒரு கிண்ணத்தில் வெறும் ஸ்பிரிட். தீக்குச்சி வைத்தேன். நீலமாக எரிந்தது. இரண்டாவது கிண்ணத்தில் ஸ்பிரிட்டோடு ஒரு சிட்டிகை பிள்ளை மருந்து. பற்றவைத்தேன். தீ பச்சையாக எழும்பியது. இளந்தளிர்ப் பச்சை. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, உங்க சட்டைப் பையில இருக்கறதைக் கொடுங்க."

இரண்டு கிண்ணமும் அணைந்து ஆறியதும் முதல் கிண்ணத்தில் கேரம் பவுடரும் மற்றதில் இன்னொரு சிட்டிகை மருந்தும் போட்டு, ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தேன். அதே பச்சை! பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தீயும் இரட்டைப் பிள்ளை மாதிரி ஆடின.

அண்ணன் எழுந்தே விட்டார். "அட, இது நாங்க போர்டுல போடறதும்மா! எம் பொண்டாட்டிக்கு இதையா தின்னக் குடுத்தே?"

"பச்சையா எரிஞ்சா வெசமாடா?" அம்மா அசையவில்லை. என் பக்கம் திரும்பினார். "போன வருசம் மெட்ராஸ் ஐ வந்தப்ப, இந்தப் பவுடரத் தண்ணில கலக்கிக் கண்ணு கழுவச் சொன்னது யாரு? நீதானே? கண்ணுக்கு ஆவறது வயித்துக்கு ஆவாதா?"

நான்தான். அரூர் மருந்துக் கடையில் டப்பா வாங்கி, லேபிளை உரக்கப் படித்துக் காட்டி, 'பயப்படாதீங்க, பேரு ஆசிட்னு இருந்தாலும் சாது' என்று ஊருக்கே நற்சான்று கொடுத்தது நான்தான். எதற்குச் சாது, எவ்வளவு வரைக்கும் சாது என்று சொன்னேனா? சொல்லவில்லை. அதுவரை எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவள், அந்த நிமிடம் முதல் தடவையாக என்னையே சந்தேகப்பட்டேன்.

ஆனாலும் அண்ணன் பொட்டலத்தைப் பிடுங்கிக் குப்பைக் குழியில் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டு வந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மா கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "ஆச்சு. மருந்தும் போச்சு. இனி பாலக்கோட்டுக்குச் சொல்லி அனுப்பிட வேண்டியதுதான்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை எழுத மாட்டேன். அவருடைய மூன்று மாதக் கெடுவில் மிச்சமிருந்த நாட்களையும் நான் ஒரு கிண்ணம் ஸ்பிரிட்டில் எரித்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அந்தச் சந்தைக்காரனைத் தேடிப் போனேன். அவன் உட்காருகிற இடத்தில் ஒருவர் வளையல் விற்றுக்கொண்டிருந்தார். "அவரு ஒரே ஊருல எப்பவும் ரொம்ப நாள் இருக்கறதில்லீங்க" என்றார். ஏன் இருப்பதில்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டு, அண்ணியைத் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். துணைக்கு அண்ணனும் வந்தார். கேட்டுக்கு வெளியே, டீக்கடையிலேயே நின்றுகொண்டார்.

லேடி டாக்டர் அண்ணியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைமுடி கொட்டுகிறதா என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் அண்ணி. எனக்கே தெரியாத விஷயம்.

"நல்லவேளை, நிறுத்தினீங்க. இது மேலுக்கு, அதுவும் அளவாப் போடற பொருள். உள்ளே போனா வாந்தி, தோல் உரியும், கிட்னி கெடும். வயித்துல கரு இருந்திருந்தா அதுக்கும் ஆபத்து."

"இதைச் சாப்பிட்டா பிள்ளை பிறக்கும்னு யாராவது..."

"எந்தப் புத்தகத்துலயும் இல்லம்மா. நான் படிச்சது நேர்மாறா இருக்கு. எலிகளுக்கு நிறையக் கொடுத்துப் பார்த்தா ஆண் எலியோட விதைதான் கெடுது. மனுஷனுக்கு எவ்வளவுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

பாருங்கள் வேடிக்கையை! பிள்ளை வேண்டும் என்று கொடுத்த மருந்து பிள்ளைக்கே பகை. கொடுத்தவன் வைத்தியன், தெரியாது என்று சொல்கிறவர்தான் டாக்டர். நான் எதை நம்பலாம் என்பதற்கு அன்றைக்கு ஒரு அடையாளம் கிடைத்தது. 'தெரியாது' என்று சொல்லத் தெரிந்த வாயை நம்பலாம்.

அண்ணியைச் சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "என் கைக்கு எட்டின வரைக்கும் இவங்ககிட்ட ஒரு குறையும் தெரியல. வீட்டுக்காரர் எங்கே?"

டீக்கடையில்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அவங்க எப்பவும் அங்கேதான் இருப்பாங்க" என்றார்.

அண்ணனிடம் வந்து எலி விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த போண்டாவைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். போண்டாவைக் கீழே வைத்தார்.

"ஆறு வருசமா கை கழுவாம பக்கோடா தின்னுருக்கேனே பாப்பா! அப்ப... கொறை எங்கிட்டயா?"

"தெரியலண்ணா. தோல் வழியா அவ்வளவா உள்ளே போகாதாம். சாப்பிடறதுக்கு முன்னால கை கழுவினாப் போதுமாம். பவுடரால எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா சும்மா ஒரு டெஸ்ட்தான். அரை மணி நேரம். உள்ளே வாங்க."

அண்ணன் ஆஸ்பத்திரிச் சுவரைக் காட்டினார். பெரிதாக ஒரு சிவப்பு முக்கோணம், குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம்.

"போன மாசம் வேன் வந்து நம்ம மன்றத்துல ரெண்டு பேர ஏத்திட்டுப் போனது மறந்துடுச்சா? உள்ள போனா டெஸ்ட்டும்பாங்க. கையெழுத்துக் கேப்பாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, கட்டைவிரல் வெப்பேன். வெளிய வரும்போது ஆப்பரேசன் முடிஞ்சிருக்கும்!"

"பிள்ளையே இல்லாதவருக்கு யாராவது அந்த ஆப்பரேஷன் பண்ணுவாங்களாண்ணா? பேப்பரை நான் படிச்சுச் சொல்றேன்."

"அம்மா கேக்கற மாதிரி நானும் கேக்கறேன். பண்ண மாட்டாங்கன்னு கண்ணுல பாத்தியா?"

மூன்று மாதமாகத் தேனில் குழைத்த கேரம் பவுடரை ஒருத்தி கேள்வி கேட்காமல் விழுங்கியிருக்கிறாள். சந்தேகப்படும் உரிமை வீட்டில் எல்லாருக்கும் இருந்தது, அவளைத் தவிர. இவரோ ஒரு வாசற்படி தாண்டுவதற்கு இவ்வளவு யோசிக்கிறார். பயம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பயத்துக்கு விலையாக அண்ணி ஏன் வீட்டை விட்டுப் போக வேண்டும்?

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அடுப்படி மாடத்திலும் இப்படி ஒரு காகிதப் பொட்டலம் இருக்கிறதா என்று பாருங்கள். விரலில் தேய்த்தால் வழுக்குகிறதா? யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஸ்பிரிட் வைத்துச் சோதனையும் செய்ய வேண்டாம், கூரை போய்விடும். பொட்டலத்தோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முக்கியமாக, ஜோடியாகப் போங்கள்.

இந்தப் பத்தியை அச்சுக்கு அனுப்பும் முன் அண்ணிக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: "எங்கையில சுண்ணாம்பு படலன்னு எழுது பாப்பா." எழுதிவிட்டேன்.

அம்மாவுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள். காட்டட்டும். இதற்குள் அவர் பாலக்கோட்டுக்கு ஆள் அனுப்பியும் இருப்பார்.

ஆனால் எனக்கு முன்னால் அனுப்பியிருக்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கே ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டுவிட்டேன். தோட்டத்துக்காரர் பெயருக்கு அல்ல. எட்டாவது வரை படித்திருக்கிறாளே, அந்தப் பெண்ணின் பெயருக்கே. அதிகம் எழுதவில்லை. 'முதல் மனைவிக்குக் குறை என்று சொன்னால், எந்த டாக்டர் சொன்னார் என்று கேள். மாப்பிள்ளையைப் பரிசோதித்த சீட்டைக் காட்டச் சொல். வாயால் சொன்னால் நம்பாதே, கண்ணால் பார்.'

கீழே, 'இப்படிக்கு, மாப்பிள்ளையின் தங்கை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.