கமலை உருளை காய்ந்த கதை

எங்கள் அத்தை, கடலில் மூழ்கிய கப்பல்களைத் தேடும் படிப்புப் படிக்கிறாள் என்றால் எண்பதுகளில் போடியில் யாரும் நம்பவில்லை. சுற்றிலும் மலை, கப்பலுக்கு எங்கே போவது? நான் மட்டும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் கூட்டியும் சொல்லி வைத்தேன்.

ஒரு காலாண்டு லீவில், ராசிங்காபுரத்துத் தோட்டக் கிணற்றில் நீந்தப் போன அத்தை, அடிச்சேற்றில் கமலை உருளை ஒன்றைக் கண்டாள். மாடு கட்டி நீர் இறைத்த காலத்து மரச்சக்கரம். உடனே எடுக்கவில்லை. அது கிடந்த இடத்தையும் சாய்வையும் கயிற்றால் அளந்தாள். மூச்சு வாங்க மேலே வருவாள், மறுபடி முங்குவாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

"உள்ள என்னத்தா, கோலமா போடுற? வெரசாக் கொண்டா மேல!" என்று அப்பா கத்தினார்.

"கெடந்த கெடை தெரியணும்ண்ணே. தூக்கிட்டா அது போச்சு."

வீட்டுக்குக் கொண்டுவந்து அண்டாத் தண்ணீரில் அமிழ்த்தினாள். தன் பேராசிரியர் வந்து பார்க்கும்வரை அது நனைந்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவரை அழைத்துவர மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

அப்பாவுக்கு ஏலக்காய் உலர்த்துவதுதான் தொழில். ஈரம் அவருக்குச் சென்மப் பகை. தங்கை பாடுபட்டு எடுத்த பொருள் ஊறி அழுகுவதா? பச்சைக் காய் லோடோடு உருளையையும் குரங்கணியில் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஜீப்பில் ஏற்றி, அடுப்புச் சூட்டில் பக்குவமாய்க் காயவைத்துவிட்டார்.

அத்தை பேராசிரியரோடு திரும்பியபோது அப்பா வாசலுக்கே எடுத்து வந்தார். "பாராத்தா, ஒரு பொட்டு ஈரமில்ல!"

உருளை சுக்காய் முறுக்கிக் கிடந்தது. அத்தை தொட்டதும் ஒரு பக்கம் கையோடு வந்தது. காலங்காலமாய் ஊறிய மரத்துக்கு உள்ளிருக்கும் தண்ணீர்தான் எலும்பு என்று பேராசிரியர் மெதுவாகச் சொன்னார். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அத்தை முந்தானையை விரித்து ஒவ்வொரு சிம்பாகப் பொறுக்கிக் கட்டத் தொடங்கினாள்.

"ஒடஞ்சதை எதுக்குத்தை கட்டுற?" என்றேன்.

"அடி கழுதை! ஒடஞ்ச கப்பலைத்தானேடி நாங்க தேடிப் போறோம்? முழுசா இருந்தா அது பாட்டுக்குக் கரைக்கு வந்திருக்காதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். பேராசிரியரும் சிரித்தார். கடைசியில், தள்ளி நின்ற அப்பாவும்.

பக்கத்தில் நிற்கிற எனக்கு எதற்கு இப்படிக் கத்திச் சொல்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.