ஜலதோஷத்துக்குப் போன பென்சிலின்

கம்பவுண்டர் வேலை என்பது டாக்டருக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்ற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் நின்றது புத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரியில். ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லைக் கிராமங்கள் யாருக்கு என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலம்.

கலர்த் தண்ணி

எங்கள் டாக்டர் நல்ல மனுஷர். சளிக்குப் பென்சிலின் வேலை செய்யாது என்று அவருக்குத் தெரியும். வந்த புதிதில் மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு மிக்சர் மட்டுமே எழுதினார். ஒரே மாதத்தில் கூட்டம் பாதியாகிவிட்டது. மீதிக் கூட்டமும் ஏச ஆரம்பித்ததும் மனுஷர் மனசு விட்டுப்போய், எல்லாச் சீட்டிலும் பென்சிலின் எழுதத் தொடங்கினார். அவரை அப்படி ஆக்கியவள் மிக்சர் பாட்டிலை என் ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போன ஒரு தாய்.

"கலர்த் தண்ணி குடுக்கவா உங்கள வச்சிகினு கீறாங்க? ஊசி போடாதவன் இன்னா டாக்டரு?"

வண்டி கட்டி வந்தவர்

வடமாலபேட்டையிலிருந்து ஒரு விவசாயி மாட்டு வண்டியில் நாலு பிள்ளைகளோடு வந்தார். சளி கடைசிப் பையனுக்கு மட்டும்தான். மற்ற மூன்றும் ஜன்னல் கம்பியில் தொங்கி விளையாடிக்கொண்டிருந்தன. பென்சிலின் மாதத்துக்கு ஒரு பெட்டிதான் வரும், தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று டாக்டரிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். சண்டை வேண்டாமென்று டாக்டர் நாலு பேருக்கும் எழுதிவிட்டார். அவர் எழுதுவதற்கு முன்பே விவசாயி என்னிடம் நியாயம் கேட்டிருந்தார்.

"இம்மாந்தூரம் வண்டி கட்டிகினு வந்துட்டோம். ஒருத்தனுக்குப் போட்டுட்டு மூணு பேரைச் சும்மா இட்டுகினு போனா நல்லாவா கீது நைனா?"

எந்த ராஜ்யம்?

பாதி மாதத்திலேயே பெட்டி காலி. அவசரமாக மருந்து கேட்டு எழுதிய தாளோடு நானே ஜில்லா மருந்து ஸ்டோருக்குப் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் ஆந்திராப் பக்கமா, மதராஸ் பக்கமா என்று அப்போது முடிவாகவில்லை. குமாஸ்தா தாளை வாங்கிப் பார்த்தார், என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஏமண்டி, மொதல்ல உங்க ஊரு எந்த ராஜ்யம்னு தேலட்டும், முடிவாகட்டும். மருந்து அப்புறம் பாக்கலாம்."

சின்னம்மாள்

அந்த வாரமே சின்னம்மாள் என்கிற கூலிக்காரப் பெண், இரண்டு வயசு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். நிமோனியா. ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா உள்ளே இழுத்தது. "பென்சிலின் எடுய்யா!" என்று டாக்டர் கத்தினார். நான் காலிப் பெட்டியைக் காட்டினேன். பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் திருப்பதி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினோம். ரேணிகுண்டா வருவதற்குள் குழந்தை போய்விட்டது. அடப் பாவி, மூக்கொழுகலுக்குக் குத்தியதில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கக் கூடாதா என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன். இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த மாதப் பெட்டி வழக்கம்போல வந்தது. சின்னம்மாளும் வந்தாள், தும்மிக்கொண்டிருந்த மகனோடு. வெறும் சளிதான் என்று டாக்டர் சொல்லச் சொல்ல, அவள் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்குத்தான் இல்லேன்னுட்டீங்க சாமி. இவனுக்காவது, இருக்கும்போதே போட்டுடுங்க!"

போட்டேன்; தேவையில்லாத பிள்ளைக்குப் போட மட்டும் நம் கையில் எப்போதும் மருந்து இருக்கும்.