ஆடியில் திக்கிய பாட்டு

கல்யாணமாகி எங்களுக்கு அது முதல் ஆடி. ஆடி ஒண்ணாம் தேதி நோம்பிக்குக் கருமத்தம்பட்டியில் இருந்த மாமனார் வீட்டில் இருவரையும் விருந்துக்கு அழைத்தார்கள். பலகாரம், வேட்டி, மோதிரம் என்று ஒரே தடபுடல். சாப்பிட்டுக் கை கழுவியதும் என் பெண்டாட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு, "நீங்க பத்திரமாப் போயிட்டு வாங்க மாப்ள. ஆவணி பொறந்ததும் வந்து கூட்டிட்டுப் போலாமுங்க" என்று என்னை மட்டும் பஸ் ஏற்றிவிட்டார்கள். புதுசாகக் கட்டியவர்கள் ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அதனால் பிரித்து வைப்பது வழக்கம். தெரிந்த வழக்கம்தான். அது நம் தலையில் விழும்போதுதான், கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குக் கணக்கு வேலை. அந்த வாரம் வரவையெல்லாம் செலவில் எழுதி முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வைகாசியில்தான் கல்யாணம். அதற்குள் அவள் இல்லாமல் சோறு இறங்கவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது கம்பெனிக்கு மாமனாரின் போன் வந்தது.

"மாப்ள, நம்ம ஊட்டுக் கம்ப்யூட்டர் கெளம்பறதுக்குள்ள பொழுது விடிஞ்சு போகுதுங்க. பாட்டு வேற திக்குதுங்க. நாயித்துக்கெழம ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

அவருக்குத் தறிக்குடோன் இருந்தது. கூலிக் கணக்குப் போடத்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். ஆனால் ஒரே சிடியில் நூற்றுக்கணக்கான பழைய பாட்டுகள் கிடைக்கும் என்று தெரிந்த நாளிலிருந்து அது பாட்டுப்பெட்டி ஆகிவிட்டது. பாட்டு திக்கினால் மனுஷனுக்குக் காப்பி இறங்காது.

என் அம்மாதான் முகத்தைச் சுளித்தாள். "ஆடியில மாமனார் ஊட்டுக்கு என்னடா போக்குவரத்து?"

"வேலைங்கம்மா. கம்ப்யூட்டர் ரிப்பேரு."

"ரிப்பேருன்னா செரி. பொழுது சாய ஊடு வந்து சேந்துபோடோணும்."

ஞாயிற்றுக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டு, கொஞ்சம் சென்ட்டும் அடித்துக்கொண்டு ரிப்பேருக்குக் கிளம்பினேன்.

கம்ப்யூட்டர் இருந்தது கூடத்தை ஒட்டிய சின்ன அறையில். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், அறைக் கதவை அகலத் திறந்து, அது காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு குழவிக்கல்லை அண்டக் கொடுத்தார். கூடத்தில் மாமனார் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒத்தாசைக்கு என்று என் பெண்டாட்டி ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவள், என்னைவிட நன்றாகவே.

சுவிட்சைப் போட்டேன். அது முனகியது. திரையில் எழுத்து வந்தது, போனது, மேகப்படம் வந்தது, அங்கேயே நின்றது. அது எழுந்திருக்கிற வரைக்கும் எங்களுக்கு வேறு வேலை இல்லை. "எளச்சுப் போயிட்டீங்க" என்றாள். எனக்கு அப்படியே கூரைக்குப் பறந்துவிடலாம் போலிருந்தது.

கோளாறு என்னவென்று பார்த்தேன். பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சிடிகளிலிருந்து கண்டதையெல்லாம் ஏற்றி வைத்திருந்தார்கள். ஜாதகம் பார்ப்பது ஒன்று, மீன் நீந்துவது ஒன்று, மணிக்கொருதரம் கிளி கத்துவது ஒன்று. சுவிட்சைப் போட்டதும் அத்தனையும் தானாகவே ஓட ஆரம்பித்தன. பாவம், அந்தக் கம்ப்யூட்டர் இத்தனையையும் கட்டி மேய்த்துக்கொண்டு பாட்டும் பாட வேண்டுமென்றால் திக்காமல் என்ன செய்யும்? தானாக ஓடுகிறவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்தது. பாட்டு தண்ணீராக ஓடியது.

"அடேங்கப்பா! மாப்ள கை வெச்சா வெச்சதுதானுங்க!" என்று மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். நான் பெருமையாகப் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் கடித்துத் துப்பினாள். "ஏனுங்க, உங்களுக்கு மண்டைக்குள்ள என்னதான் இருக்குது? முச்சூடும் ஒரே நாள்ல செரி பண்ணிப்போட்டீங்களே! இனி என்னத்தச் சொல்லிட்டு வருவீங்க?"

பஸ்ஸில் வழி நெடுக என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஆனால் அந்த வாரமே மறுபடி போன். "நீங்க போன மறுநாளே பழையபடி ஆயிப்போச்சுங்க மாப்ள!"

ஓடினேன். மேகப்படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "எப்படி அம்மணி?" என்று காதோரம் கேட்டேன்.

"நீங்க நிறுத்துனத எல்லாம் ஓட உட்டேனுங்க. கூட நாலு சேத்திப் போட்டேன்" என்றாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். நான் சிரித்த சிரிப்பை இருமலாக மாற்ற வேண்டியிருந்தது.

அப்புறம் எங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. கீபோர்டு வைக்கிற இழுப்புப் பலகைக்கு அடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு உலகத்துக் கதையெல்லாம் பேசினோம். கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தமாகப் போய்விட்டால் அவள் எட்டி ஒரு பாட்டைத் தட்டிவிடுவாள். அது திக்கித் திணறிக் கூடத்துக்குப் போகும். "ஆச்சுங்களா மாப்ள?" என்பார் மாமனார். "இன்னொருக்கா அமத்திப் போடோணுங்க மாமா" என்பேன். அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி மேகப்படம். அந்த மேகத்தைப் போல அழகான படத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு சாப்பிடும்போது மாமனார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "உங்களுக்கு எதுக்குங்க வாராவாரம் சிரமம்? காந்திபுரத்துல இருந்து மெக்கானிக்க வரச் சொல்லிப்போடலாம்னு இருக்கறேன்."

எனக்குப் புரையேறியது. மெக்கானிக் வந்தால் எங்கள் குட்டு உடைந்துவிடும். சாப்பிட்ட கையோடு இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்தோம். பாட்டு அருமையாகப் பாடியது. மாமனார் தாளம் போட்டார். ஆடி முடிய இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி இருந்தது. எனக்கோ போக வழியில்லை. அன்றைக்கு அவள் வாசலில் நின்று கையசைத்தபோது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.

சனிக்கிழமை போன் வந்தது. "மாப்ள, மறுபடியும் திக்குதுங்க."

என் பெண்டாட்டி கெட்டிக்காரி என்று மனதுக்குள் துள்ளிக்கொண்டு போய் இறங்கினேன். அத்தை வழக்கம்போலக் குழவிக்கல்லை அண்டக் கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போனார். சுவிட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்துவிட்டது. ஆனால் பாட்டு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"இதென்ன புது வித்தை அம்மணி? என்ன பண்ணுன?"

"நானில்லீங்க" என்றாள். "அன்னைக்கு எடுத்ததுதான். அப்பாவப் பாத்தாப் பாவமா இருந்துச்சு. நான் தொடவே இல்லீங்க."

உண்மையைத்தான் சொன்னாள். அந்த மாதத்தில் முதல்முறையாக இருவரும் நிஜமாகவே கோளாறைத் தேடினோம். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசியில் நான் மேசைக்கு அடியில் தவழ்ந்து பின்பக்கம் போனேன். ஸ்பீக்கர் ஒயரின் பிளக் பாதி வெளியே இழுத்து விடப்பட்டிருந்தது. வெள்ளை பிளக்கில் மஞ்சள்தூள் அப்பிய விரல் தடம்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே எழுந்தேன். வாசலில் காப்பி டம்ளரோடு அத்தை நின்றுகொண்டிருந்தார். அந்தக் கம்ப்யூட்டரை அவர் "அந்தப் பொட்டி" என்றுதான் சொல்வார். பெருக்குவதற்குத் தவிர அதன் பக்கம் வந்ததில்லை.

"என்னங்க மாப்ள, தெரிஞ்சுதுங்களா?"

என் கண் அவர் விரலுக்குப் போனது. ரசத்துக்குப் போட்ட மஞ்சள்தூள் நகக்கண்ணில் இருந்தது. என் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

"இல்லீங்க அத்தை" என்றேன். "இது நேரம் புடிக்குமுங்க."

"மெதுவாப் பாருங்க. என்ன அவசரம்?" என்று காப்பியை வைத்தார். பிறகு கூடத்தைப் பார்த்து, "ஏனுங்க, மாப்ளைக்கு இன்னும் வேலை இருக்குதுங்களாமா. நீங்க குடோன் பக்கம் போறதுன்னா போயிட்டு வாங்க" என்று குரல் கொடுத்தார்.

மாமனார் செருப்பு மாட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அத்தை குழவிக்கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.